புதுச்சத்திரம் தாண்டினா வர்ற சத்தம்

சின்னுசாமி அண்ணன் போயிட்டாருங்க. நேத்து மத்தியானம்... நெஞ்சுவலி.

நாமக்கல்ல நான் வேலை பாக்கற கோழித்தீவன கம்பெனியில அவர் டிஸ்பேட்ச் சூப்பர்வைசர். நான் லேப்ல. ரெண்டு வருஷமா ராசிபுரத்துல இருந்து நான் கார் எடுத்துட்டு வந்தா, புதுச்சத்திரத்துல அவர் ஏறிக்குவாரு. முன் சீட்டு அவரோடது.

அந்தக் கார்ல ஒரு சத்தம். முன்னாடி இடது பக்கம், ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குனா "டொக்".

மெக்கானிக் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டு "ஒண்ணும் இல்லீங்க மேடம்"னுட்டாரு. அப்புறம் என் தொல்லை தாங்காம லிங்க் ராடு மாத்திக் குடுத்தாரு. மறுநாளே டொக்!

ஊட்டுக்காரரு அதுக்கும் மேல... "சத்தம் உன் மண்டைக்குள்ள வருது"ன்னு சிரிச்சாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்தக் கார்லதான் பொண்ணை ஸ்கூல்ல விடறேன். வீல் கழண்டுக்கிட்டா?

ஒரு நாள் அண்ணன்கிட்டயே கேட்டேன், உங்களுக்குக் கேக்குதுங்களான்னு.

"கேக்காம என்னங்க அம்மணி! பழைய கார்ன்னா இப்படித்தான் இருக்குமாட்டன்னு இருந்தேன்."

அப்பாடா... எனக்குப் பைத்தியம் இல்ல!

அன்னைக்குப் புடிச்சாரு மனுஷன். வண்டியில ஏறுனா பேச்சே கிடையாது, காலைத் தரையில அழுத்தி வெச்சுட்டு காதைத் தீட்டிக்குவாரு. "ஃபுல்லா ஒடிச்சுத் திருப்புங்க, ஆக்சில் ஜாயின்ட்னா கடகடங்கும்." வரல. "சடக்குன்னு பிரேக் புடிங்க." வரல.

நாலாவது நாள் திடீர்னு கேட்டாரு. "ஏனுங்க அம்மணி, நான் ஏறறதுக்கு முன்னாடி இது வருதுங்களா?"

வண்டியை ஓரங்கட்டிட்டேன். அட ஆமா... ராசிபுரத்துல இருந்து புதுச்சத்திரம் வரைக்கும் சத்தமே இருக்காது. வண்டி சூடானாத்தான் வருதுன்னு நானா நெனச்சுட்டிருந்தேன். மெக்கானிக்கும் தனியாத்தான் ஓட்டியிருக்காரு!

அன்னைக்கு மத்தியானமே கம்பெனி யார்டுல டெஸ்ட். முன் சீட்டுல அம்பது கிலோ தீவன மூட்டை, அதுக்கு சீட் பெல்ட் வேற. லோடுமேனுங்க எல்லாம் சிரிக்கறாங்க. எடைமேடைக்கிட்ட ஸ்பீடு பிரேக்கர் ஏத்துனேன்... சத்தம் இல்ல.

"நான் என்னங்க ஒரு மூட்டையா? இன்னும் அரை மூட்டை போடுங்கப்பா!"

ஏத்துனேன். டொக்!

கைதட்டி ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க... அதான் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

தேஞ்சு போனது லோயர் ஆர்ம் புஷ்னு நான். பால் ஜாயின்டுன்னு அவரு. "சனிக்கெழம நானும் வாரேனுங்க. நான் முன்னாடி உக்காந்துக்கறேன், மெக்கானிக்கை ஓட்டச் சொல்லுங்க. அப்ப எப்படி இல்லீங்கறாருன்னு பாக்கலாம்."

நாளைக்குத்தான் அந்த சனிக்கிழமை.

இன்னைக்குக் காலையில அவர் ஊட்டுக்குப் போய் மாலை போட்டுட்டு, நேரா கம்பெனிக்கு வந்தேன். மனசே ஆறல. எடைமேடைக்கிட்ட அதே ஸ்பீடு பிரேக்கர்.

வரல.

ரிவர்ஸ் எடுத்து வேணும்னே இன்னொருக்கா ஏத்துனேன். வரலீங்கண்ணா.

இனிமே சத்தம் வருதுன்னு நான் சொன்னா யாருங்க நம்புவாங்க?

போயிட்டு வாங்கண்ணா... வண்டி சத்தமே இல்லாம ஓடுது.