காகிதத்தில் செத்தவள்

அரசாங்கக் காகிதத்தின்படி எனக்கு ஒரு பெண்டாட்டி மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என்னோடு இருந்தாள். அவள் என் பெண்டாட்டி இல்லை. என் பெண்டாட்டி ஊரில் இருந்தாள். இதைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்கு விளங்கவைக்க நாய் படாத பாடு பட்டேன்.

எல்லாம் நாகப்பட்டினம் கேம்பில் தொடங்கியது. கப்பலேறும் முன் ஆட்களைப் பதியும் இடம் அது. எங்கள் கங்காணி கூட்டிவந்தவர்களில் புருஷனை இழந்த பெண் ஒருத்தி இருந்தாள். துணையில்லாத பெண்ணை ஏற்றமாட்டார்கள். கங்காணி என் தோளில் கைபோட்டு, "சும்மா சோடின்னு சொல்லிருடா. அக்கரை போனா அவ யாரோ நீ யாரோ" என்றார். அப்படிச் சோடி சேர்த்துவிடுவது கங்காணிகளுக்குக் கைவந்த கலை. என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறந்தபின் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி மாமனார் வீட்டில் விட்டிருந்தேன்.

அந்தப் பெண்ணைப் பாவம் பார்த்துத்தான் தலையாட்டினேன் என்று வெகுகாலம் சொல்லிவந்தேன். பாதிதான் உண்மை. சோடிக்குத் தொழிலாளர் லயத்தில் தனி அறை கிடைக்கும் என்று கங்காணி சொன்னதும் ஒரு காரணம்.

அறையின் நடுவே சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு மாதம் இருந்தோம். அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். பிறகு ரப்பர் சீட்டுக்குப் புகைபோடும் கொட்டகையில் வேலை செய்த ஒருவனுக்கு அவளைக் கட்டிவைத்தோம். தாலியை எடுத்துக் கொடுத்தவன் நான். இருவரும் டுரியான் துங்கால் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் தோட்டத்துக்கே தெரிந்த சங்கதி. பேரேட்டுக்கு மட்டும் தெரியாது.

ஊரில் எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயது நெருங்கும்போது, கங்காணி மறுபடி ஆள் கூட்டிவரப் புறப்பட்டார். என் மனைவியையும் பிள்ளையையும் அவரோடு வரவழைக்கத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் கடிதம் வேண்டும். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். பேரேட்டைப் புரட்டி, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"உனக்கு மனிசி இருக்கிறா எண்டு இதில கிடக்குது. இன்னொருத்தியைக் கூப்பிடத் தொரை கையெழுத்து வைப்பாரோ?"

நடந்ததையெல்லாம் கிராணிக்கு விளக்கி, தொரையிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். கங்காணி வெளியே இழுத்துப் போய், "ஆள் கூட்டுற என் லைசன்ஸ் போச்சுன்னா ஒன் குடும்பத்த எவன்டா கூட்டியாருவான்?" என்றார். கடைசியில் கிராணியே வழி சொன்னார்.

"முதல் மனிசி செத்துப்போனா எண்டு எழுதுவம். இவவை ரெண்டாந்தாரம் எண்டு கூப்பிடலாம்."

உயிரோடு இருப்பவளைச் சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை. டுரியான் துங்காலுக்கு நடந்தே போய் அவளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"எழுதிக்குங்கண்ணே. மொதப் புருஷன் போன அன்னைக்கே செத்தவதானே, நான் என்ன புதுசாவா சாகுறேன்? அண்ணி வந்ததும் மொதல்ல இங்கதான் கூட்டியாரணும்."

தொரை கையெழுத்துப் போட்டார். நான் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். உத்தரத்தில் பிள்ளைக்குத் தூளி கட்டினேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்குடா தூளி என்று லயமே சிரித்தது. நான் அவளைக் கைக்குழந்தையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கங்காணி ஆட்களோடு வந்து இறங்கினார். ஆட்களில் என் மனைவி இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்னது இதுதான்.

கேம்புவரை அவள் வந்திருக்கிறாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. குமாஸ்தா தொரையின் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார். முதல் பெண்சாதி இறந்துபோனதால் இரண்டாம் பெண்சாதியை அழைக்கிறான் என்று. கூட்டத்தின் நடுவே அவள், "ரெண்டாவதா?" என்று மட்டும் கேட்டாளாம்.

"நீ எடுத்துச் சொல்றதுதானே கங்காணி?"

"ஆபீசர் முன்னாடி எப்பிடிறா வாயத் தொறப்பேன்? வெளிய வந்ததும் சொன்னேன். எல்லாம் பொய்யி தாயி, காயிதத்துக்காக எழுதுனதுன்னு சொன்னேன். அதுக்கு அவ, எது பொய்யி, மொதப் பெண்சாதி இருந்ததா செத்ததான்னு கேட்டா."

"அப்பறம்?"

"அவளுக்குக் கருமாதி பண்றப்ப எனக்கும் சேத்துப் பண்ணிறச் சொல்லுங்கன்னா. போயிட்டா."

அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கட்டினவனை ஒரு வார்த்தை கேட்காமல் காகிதத்தை நம்பினாளே என்று குதித்தேன். செய்தி கேட்டு டுரியான் துங்காலிலிருந்து ஓடிவந்தவள்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"என்னையக் கூட்டிட்டுப் போங்கண்ணே. உசுரோட அவங்க முன்னாடி நிக்கிறேன். பாத்தா நம்பாமயா போவாங்க?"

நல்ல யோசனை. அதைவிட நல்ல யோசனை எனக்கு இன்றுவரை தோன்றியதில்லை. ஆனால் நம்பாதவளிடம் சாட்சியைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பதா என்ற வீம்பு எனக்கு. எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து என் மனைவிக்குக் கடிதம் மட்டும் எழுதச் சொன்னேன். மூன்று போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. ஆள் கூட்டுவது நின்று, இருக்கிற ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். கப்பல் பட்டியலில் என் பெயரும் இருந்தது. பெயர் வாசித்த காலையில் நான் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. பால்மரக் காட்டுக்குள் ஒளிந்திருந்தேன். அதற்குள் வீம்பு போய் வெட்கம் வந்திருந்தது. என்ன முகத்தோடு அவள் வாசலில் போய் நிற்பேன்? லாரி போகும் சத்தம் கேட்டபின்தான் வெளியே வந்தேன்.

அடுத்த வருடம் ஊரிலிருந்து வந்த ஒருவர், அவளுக்கு என் தாலியை அறுத்து வேறொருவனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள் என்றார். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் கணக்கில் நான் பெண்டாட்டியை மறைத்தவன்.

கங்காணி சாகும்வரை நான் அவரோடு பேச்சை விட்டதில்லை. கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் என் மகளை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கேம்பு வாசலில் பிள்ளை என்ன செய்தது என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது, மூக்கு உன் மூக்குதான் என்பார்.