பெயர்கள் தங்காத வருஷம்

வீட்டுக்கு வந்தவர் பெயர் சட்டென்று வாயில் வராவிட்டால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். நமக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று பயம். இந்தப் பயம் என்னைப் பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது இருக்கும்.

எங்கள் ஊர் பென்னலூருக்குப் பக்கம். நைனா, என் அப்பா, ஊர் ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறந்து, யார் கழனிக்கு எப்போது தண்ணீர் என்று முறை பார்த்து மடை மாற்றிவிடும் வேலை. அதற்கு அறுவடையில் ஆளுக்குக் கொஞ்சம் நெல் அளப்பார்கள். எங்கள் வீட்டில் உலை வைத்தது அந்த நெல்லை நம்பித்தான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் நைனா மூளைக்காய்ச்சலில் விழுந்தார். பிழைத்து எழுந்தபோது கைகால் எல்லாம் நன்றாகவே இருந்தன. மண்வெட்டி பிடித்தார், வரப்பு கட்டினார். ஆட்களின் பெயர்கள் மட்டும் அவரிடம் தங்கவில்லை. காலையில் மணியக்காரர் முறைக்காரர்களின் பெயரைச் சொல்லி அனுப்புவார். அப்போதே கேட்டால் நைனா ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்லிவிடுவார். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். சாயங்காலம் மடையண்டை நின்று மண்வெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தை மாதத்தில் ஒரு நாள், ஒருவருக்குப் போகவேண்டிய தண்ணீர் இன்னொருவர் கழனியில் பாய்ந்துவிட்டது. மணியக்காரர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"நாளைக்கும் இப்டி ஆச்சுன்னா வேற ஆளத்தான் வெக்கணும். கோச்சிக்காதம்மா" என்றார் அம்மாவிடம்.

அன்றோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது.

"நாளைலேர்ந்து நைனாகூட போ" என்றாள் அம்மா. "பேரச் சொன்னா நிக்க மாட்டுது. கண்ணால பாக்கற மாதிரி எதனா சொல்லிக் குடு. அருவா எங்க சொருவுனேன்னு கேட்டா இப்பவும் கரெக்டா சொல்லுது பாரு. பொருளுங்க ஒண்ணும் அதுக்கு மறக்கலடி."

மறுநாள் காலை நைனாவோடு வரப்பில் நடந்தேன். ஈச்சமரம் நிற்கும் கழனிக்காரர் ஈச்சமரமானார். இன்னொருவர் பாழுங்கிணறு. எப்போதும் வரப்பில் ஆடு கட்டிவைப்பவர் வெள்ளாடு. உச்சிவெயிலில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். சொன்னார். மறுபடி கேட்டால் தேய்ந்துபோகுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் மதகடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னிக்கி யார் யாருக்குப்பா?" என்றார் மணியக்காரர்.

நைனா கண்ணை மூடிக்கொண்டார். "மொதல்ல ஈச்சமரம். அப்பறம் பாழுங்கெணறு. கடைசில வெள்ளாடு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "ஆடு எப்பய்யா நாத்து நட்டுச்சு, தண்ணி வுட?" என்றார் ஒருவர்.

"என் மூஞ்சி மறந்தாலும் என் ஆட்ட ஞாபகம் வெச்சிகினு கீறாரே, அது போதும்" என்றார் ஆட்டுக்காரர்.

மணியக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அது கெடக்கட்டும். நான் யாருப்பா?"

அவருக்கு நான் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவரே கேட்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நைனா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கறுப்புக் கொட" என்றார்.

மணியக்காரர் தன் அக்குளில் இடுக்கியிருந்த குடையைக் குனிந்து பார்த்தார்.

"தண்ணி சரியாப் போய்ச் சேந்தா சரி. நான் கொடையாவே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

தண்ணீர் அன்றைக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் ஆசைக்கு நான் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ரிப்பன், வா. வூட்டுக்குப் போலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை யாரும் எனக்குச் செல்லப்பெயர் வைத்ததில்லை. நைனாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி, அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். தண்ணீருக்குள் அவள் கை நின்றது.

"நல்லாத்தாங் கீது பேரு" என்றாள். தலை நிமிரவில்லை.

அதற்கப்புறம் எவ்வளவு வேலை கிடந்தாலும், காலையில் நான் நைனாவின் கண்ணில் படுவதற்கு முன்பே அம்மா என் தலையைப் பின்னி ரிப்பனை முடிந்துவிடுவாள். நாளடைவில் அது நைந்து கிழிந்தது. புதிது வாங்க என்னை ஸ்ரீபெரும்புதூர்த் தேரடிக்குக் கூட்டிப்போனாள். எனக்கு நீல ரிப்பன்மேல் கண். கடை முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"கொழந்த ஆசப்படுதேம்மா, நீலத்தையே வாங்கிக் குடேன்" என்றார் கடைக்காரர்.

"செவப்புதான்" என்றாள் அம்மா. அதிலும் அதே சிவப்பு வேண்டும் என்று சுருள்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. எங்கள் தெருமுனை வந்ததும் என்னை நிறுத்தி, புது ரிப்பனை எடுத்து அவசர அவசரமாகச் சடையில் கட்டினாள். அழுது வீங்கிய என் முகத்தைத் துடைத்துவிடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. வீடு அதோ, நைனா வாசலில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உள்ளே போய்க் கட்டிக்கொண்டால் ஆகாதா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.