உயிரோடு இருக்கிறாயா என்று கேட்காதே

“உயிரோட இருக்கியான்னு கேட்டா இருக்கேங்குது. ஆனா ஒரு டிக்கெட்கூடப் போட்டுத் தர மாட்டேங்குது!”

சாப்பாட்டு மேசையில் மனைவி மடிக்கணினியைத் திட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து முன்பதிவுத் தளத்துக்கு வருபவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் லோட் பேலன்சர் அவள் பொறுப்பு. பழுதான ஒரு சர்வர், ‘உயிரோடு இருக்கிறாயா’ என்ற சோதனைக்கு மட்டும் ‘ஆம்’ என்று பதில் தந்து, வேலை செய்யும் சர்வர்களின் பட்டியலிலேயே இருந்தது; அதற்கு அனுப்பப்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இன்னொரு புகார் வந்தால் பொறுப்பை மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

“ஏங்க, காதுல விழுதா?”

“ம்,” என்றான் கணவன், கைபேசியைப் பார்த்தபடி.

“என்ன சொன்னேன்?”

விழித்தான்.

“நீங்களும் அந்தச் சர்வரும் ஒரே ரகம்.”

“அப்ப என்னையும் லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவியா?”

சிரித்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். இனி ‘இருக்கேன்’ என்று சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொரு சர்வரும் ஒரு டிக்கெட்டைத் தேடிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் நீக்கம் என்று சோதனையை மாற்றி எழுதினாள்.

மறுநாள் இரண்டு சர்வர்கள் பழுதாயின. இரண்டும் தாமாக நீக்கப்பட்டன, புதியவை சேர்ந்தன. புகார் வரவில்லை. பொறுப்பு அவளிடமே இருந்தது.