தேர்வாளர் கேட்ட ஒரே திருத்தம்

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். மைசூரில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டே, நாற்பது வயதுக்குமேல் எனக்கு டாக்டர் பட்டத்தில் ஆசை வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுத்தாகிவிட்டது. பாக்கி வாய்மொழித் தேர்வுதான். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் யாரென்பதைக் கடைசிவரை ரகசியமாக வைத்திருப்பார்கள்.

அன்று காலை சக ஆசிரியர் ஒருவர் ரயில்வே ஸ்டேஷனில் தேர்வாளரை வரவேற்றுவிட்டு நேராக வந்து பெயரைச் சொன்னார். கையிலிருந்த காபி வேட்டியில் கொட்டியது. சென்னைப் பேராசிரியர், என்னைவிட வயதில் சின்னவர், புகழில் மலை. அவருடைய பிரபலமான தேற்றம் ஒன்று தப்பு என்று காட்டுவதுதான் என் கட்டுரையே.

"எனக்கென்ன தெரியும், அவரே வருவார்னு?"

"இப்போ தெரிஞ்சுடுத்தே மாராயா, கிளம்பு" என்றார் கன்னடம் கலந்து பேசும் நண்பர்.

"ஊர்ல வேற தேற்றமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று மாற்று வேட்டியை நீட்டினாள் மனைவி.

ஜட்கா வண்டி, பூக்கடைகள் நிறைந்த தேவராஜ மார்க்கெட்டைத் தாண்டும்போது, இறங்கிப் பூ விற்றுப் பிழைத்துக்கொள்ளலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

யாரும் வந்து கேட்கலாம் என்பதால் அறை நிரம்பியிருந்தது. அந்தத் தேற்றத்தைப் பொய்யாக்கும் உதாரணத்தைப் பலகையில் எழுதச் சொன்னார் தேர்வாளர். சாக்பீஸ் உடைந்துகொண்டே இருந்தது. எழுதியது எனக்கே புரியவில்லை. அவர் எழுந்து வந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்கேதான் சறுக்கியிருக்கேன்" என்று தமிழில் முணுமுணுத்தார். பிறகு சபைக்குத் திரும்பி, தான் இத்தனை வருடம் கற்பித்துவந்தது தவறு என்று ஆங்கிலத்தில் அறிவித்து, எங்கே, எப்படித் தவறு என்று என்னைவிடத் தெளிவாக விளக்கினார். அந்த முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். புது ஊரைப் பார்ப்பவரின் பூரிப்புதான் இருந்தது. என் உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஒரு திருத்தம் செஞ்சாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். கட்டுரையைப் பிரித்தார். 'மேதையின் சிறு கவனக்குறைவாக இருக்கலாம்' என்று நான் பயந்து பயந்து எழுதியிருந்த வரியை அடித்தார்.

"கணக்குல மரியாதை எதுக்கு சார்? தேற்றம் தவறுன்னே எழுதுங்க. நாளைக்குப் படிக்கிறவன் ஏமாறக் கூடாது."

எழுதினேன். பட்டமும் வந்தது. அதற்கு வேண்டிய தகுதிகளையெல்லாம் விதிமுறையில் அச்சிட்டிருக்கிறார்கள். தன் தவறைப் பலர் முன்னால் சந்தோஷமாக விளக்கும் தகுதி அதில் இல்லை, அதற்கு மட்டும் நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.