வீட்டிலேயே இருக்கச் சொன்னவர்கள்

என் கணவரின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்ட பிறகு, எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள். பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு சிறியது. ஹாலில் கிசுகிசுத்தால் படுக்கையறையில் கேட்கும். "பாவம், இனிமே வீட்லயே இருக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் ஆரஞ்சு சாப்பிடக் கூடாது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பழங்களை எல்லாம் நான்தான் உரித்துத் தின்றேன், கோபத்தோடு.

அவருக்கு வாய்த்தது வயிற்றுவழி டயாலிசிஸ். வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாகப் பொருத்தியிருக்கிறார்கள். அதன் வழியாக ஒரு பை மருந்து நீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்து, உடம்பின் கழிவை வாங்கிக்கொண்ட அந்த நீரை வெளியே வடித்துவிட்டு, புதுப் பையை மாட்ட வேண்டும். தினமும் நான்கு முறை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை, அவரே செய்துகொள்வார். ஆனால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். கதவு, ஜன்னல் மூட வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும், கையை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், முகக்கவசம் போட வேண்டும். ஒரு துளி அசுத்தம் உள்ளே போனால் ஆபத்து.

நீர் வடியும் அந்த அரை மணி நேரம் அவர் கைபேசியில் படம் பார்ப்பார். எல்லாம் வண்டிகள். வேனுக்குள் படுக்கை, அடுப்பு, தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். ஒருநாள் அப்படிப்பட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் கூட்டத்தின் படம் ஓடியது. சக்லேஷ்புரம் பக்கம் ஒரு காபித் தோட்டம். புல்வெளியில் வரிசையாக நாற்பது, ஐம்பது வண்டிகள்.

"சுத்தமான ஒரு ரூம். அது எங்க போவுதோ அங்க நாமளும் போலாம். எனக்கு வேண்டியது அவ்ளோதான் இல்ல, டீச்சர்?" என்றார்.

அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளியில் நான் விளையாட்டு டீச்சராக இருந்தேன். பாதி வாழ்க்கை வெயிலில் விசில் ஊதியே போனது. அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குள் விசில் அடித்த மாதிரி இருந்தது.

என் பள்ளியில் ஒரு பழைய மஞ்சள் வேனை ஓரம் கட்டியிருந்தார்கள். அதை வாங்கினேன். தெருக்கோடி ஒர்க்‌ஷாப்பில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், கை கழுவத் தொட்டி, தண்ணீர் டேங்க், சின்ன அடுப்பு வைத்தோம். பேட்டரி, விளக்கு வேலை எல்லாம் அவருடையது. தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கட்டிலுக்கு மேலே கூரைக் கம்பியில் ஒரு கொக்கி. பையை மாட்டுவதற்கு. அந்தக் கொக்கியை மட்டும் அவர் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

பெரிய வண்டி ஓட்டவும் நான் கற்றுக்கொண்டேன். ஓசூர் ரோட்டில் முதன்முதலாக வேனைத் திருப்பியபோது பின்னால் வந்த பஸ்காரர் கன்னடத்தில் என் குடும்பத்தையே விசாரித்தார். நானும் கன்னடத்திலேயே பதில் விசாரித்தேன்.

அந்தக் காபித் தோட்டக் கூட்டத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, சர்ச் ஆராதனை முடிந்ததும் என் கணவரின் அண்ணன் வீட்டுக்கு வந்தார். கோலார் தங்கவயலில் இருந்து குடும்பத்தை முதலில் பெங்களூருக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். அந்த உரிமை அவர் உட்காரும் விதத்திலேயே தெரியும்.

"ஏம்மா, உனக்குப் புத்தி இருக்குதா? அவன் பேஷண்ட்டு. காட்டுல போய் ஏதாவது ஆச்சுன்னா?"

"வீட்லயும் ஆகலாம் மாமா."

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? நோயாளியக் கட்டிக்கினு ஊர் சுத்தறான்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும் மாமா. நெஜந்தானே?"

அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லேன்டா."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன பிறகு, "அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. உனக்கு எதுக்கு இந்தப் பாரம்?" என்றார்.

"பாரம்னா பைங்கதான். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா நான்தான் தூக்கி வைக்கணும். நீங்க ஏறி உக்காந்தா போதும்."

டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தேன். சுத்தம் கெடாமல் பார்த்துக்கொள்ள முடியுமானால் தாராளமாகப் போகலாம், நீர் கலங்கலாக வந்தால் மட்டும் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். நெலமங்களா தாண்டியதும்தான் ஊர் எங்களை விட்டது. வேனின் இஞ்சின் முன்னிருக்கைகளுக்கு நடுவில் ஒரு மூடிக்குள் இருக்கிறது; எப்போதும் சூடாக இருக்கும். அடுத்து மாட்ட வேண்டிய பையைத் துண்டில் சுற்றி அதன்மேல் வைத்திருந்தோம். மருந்து நீர் உடம்புச் சூட்டுக்கு வந்தால்தான் வயிறு வலிக்காது. அவர் அவ்வப்போது குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மத்தியான நேரத்துப் பையை மாற்ற, சென்னராயபட்டணம் தாண்டி ஒரு பெரிய ஓட்டலின் முன்னால் நிறுத்தினேன். அவர் உள்ளே கதவைப் பூட்டித் திரை போட்டுக்கொண்டார். நான் வெளியே கதவில் சாய்ந்து நின்றேன். சற்று நேரத்தில் வாட்ச்மேன் வந்தார். "ஏனம்மா, ஒளகே ஏன் மாட்தாயிதாரெ?" உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கன்னடத்தில் கேட்டார். நான் சொல்வதற்குள் மேனேஜரே வந்துவிட்டார். உள்ளே யாரோ அடுப்புப் பற்றவைத்துச் சமைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"மேடம், கதவத் திறங்க. பார்க்கணும்."

"இப்ப திறக்க முடியாது. என் வீட்டுக்காரர் டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு இருக்காரு."

அவர் முகம் மாறியது. "இங்கயா? அதெல்லாம் ஆஸ்பத்திரில செய்யறது. கஸ்டமர்ஸ் வர்ற இடம் இது. வண்டிய எடுங்க."

"அரை மணி நேரம் இந்தக் கதவு திறக்காது, வண்டியும் நகராது. போலீஸக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க. அவங்களும் இங்க நின்னு காத்திருக்கட்டும்."

பள்ளி மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகளை ஒரே இடத்தில் நிற்க வைத்த குரல் அது. கார்களில் இருந்து இறங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றார். நானும் கைகளைக் கட்டிக்கொண்டேன். வெயில் இருவர் தலையிலும் சமமாக விழுந்தது.

கதவு திறந்தது. என் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். எதிரே நின்ற மனிதரை ஒரு நொடி பார்த்தார்.

"சார், ஒரு காபி, பை-டூவா ரெண்டு டம்ளர்ல பிரிச்சுக் கிடைக்குமா? எனக்குப் பாதிதான் அலவுடு" என்றார்.

மேனேஜர் உள்ளே போனார். காபி வந்தது. ஆறிப்போய்த்தான் வந்தது. ஆனாலும் குடித்தோம்.

காபித் தோட்டத்தின் வாசலை எட்டியபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. புல்வெளியில் வண்டிகள் ஏற்கெனவே வரிசை கட்டியிருந்தன. சில பஸ் அளவுக்குப் பெரியவை. ஒன்றில் பக்கச் சுவர் இழுப்பறைபோல வெளியே நீண்டிருந்தது. எங்கள் மஞ்சள் வேன் அவற்றின் நடுவே பள்ளிக்கூடத்தில் இருந்து வழிதவறி வந்ததுபோல இருந்தது. சிலர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை.

ஏற்பாட்டாளர் ஒருவர் வந்தார். வெள்ளைத் தாடி, கழுத்தில் விசில். பெரிய வண்டிக்காரர். நல்லபடியாகத்தான் கைகுலுக்கினார். வேனுக்குள் எட்டிப் பார்த்தபோது அடுக்கி வைத்த அட்டைப்பெட்டிகளையும் கொக்கியையும் கண்டு என்னவென்று கேட்டார். என் கணவர் சொன்னார். ஏற்பாட்டாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. சார் ஹெல்த் இப்படின்னு எங்களுக்குத் தெரியாது. ஏதாவது எமர்ஜென்சின்னா எங்க தலைலதான் விடியும். தோட்டத்து பங்களாவுல ஒரு ரூம் தர்றேன். அங்க தங்கிக்கிங்க. வண்டி வெளிய கேட் கிட்ட நிக்கட்டும். இங்க எல்லாரும் ஜாலியா இருக்க வந்திருக்காங்க."

"நாங்களும் அதுக்குத்தான் வந்திருக்கோம் சார்."

"ரூம் நல்லா இருக்கும் மேடம்."

"உங்க ரூம் எவ்ளோ சுத்தம்னு எனக்குத் தெரியாது. இந்த வேனோட ஒவ்வொரு மூலையையும் நான் தொடச்சிருக்கேன். அவர் இங்கதான் தூங்குவாரு. இந்த வண்டி வரிசையிலதான் நிக்கும்."

பேசிக்கொண்டே வண்டியில் ஏறி, இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் வேனைப் பின்பக்கமாகச் செருகினேன். அவர் விசிலை எடுத்தார், ஊதவில்லை. ஊதியிருந்தால் நானும் கைப்பையில் இருந்த என் விசிலை எடுத்திருப்பேன்.

மறுநாள் காலை என் தைரியம் எல்லாம் ஒரு நிமிடம் கரைந்தது. மலைப்பனி ஜன்னலை மூடியிருந்தது. இரவெல்லாம் வயிற்றில் இருந்த நீரை அவர் வடித்தபோது பை கலங்கலாகத் தெரிந்தது. ஹாசன் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரமாகும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்த மாதிரி ஒரு பழைய செய்தித்தாளை எடுத்துப் பைக்கு அடியில் வைத்தேன். நீர் தெளிவாக இருந்தால் எழுத்துகள் தெரிய வேண்டும். விளக்கு வெளிச்சத்தில் சரியாகப் புலப்படவில்லை. பையின் வாயை அடைத்துவிட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தேன். நெல் விலை பற்றிய செய்தி, கமா புள்ளியோடு தெளிவாகத் தெரிந்தது.

"நெல்லு வெல ஏறிப்போச்சாம்" என்றேன். அவர் முகக்கவசத்துக்குள் சிரித்தார். அதன் பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

அன்று மாலை நெருப்பு மூட்டி எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வண்டியைப் பற்றிப் பேச வேண்டும். ஏற்பாட்டாளர் மைக்கை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு முன்னால் இருந்தவர் பேசி முடித்ததும், எங்களைத் தாண்டி அடுத்தவரிடம் நீட்டினார். மறதியாகவும் இருந்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் எழுவதற்குள் என் கணவர் எழுந்துவிட்டார். அண்ணன் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மனிதர். மைக்கைக் கேட்கவும் இல்லை. சத்தமாகவே பேசினார், தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து.

"எங்க வண்டி அந்த மஞ்சள் வண்டி. ஓட்டுறது என் வொய்ஃப். எனக்குக் கிட்னி இல்ல. தினம் நாலு தடவ உள்ள கதவச் சாத்திக்கிட்டு மருந்துத் தண்ணி மாத்திக்கிறேன். அது ஒட்டிக்கிற நோயி இல்ல, பயப்படாதீங்க. டாக்டர் என்னப் போயிட்டு வாங்கன்னாரு. வீட்லயே இருன்னு சொன்னவங்க ஒருத்தரும் டாக்டர் இல்ல."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர். சிலர் சிரிக்காமல் நெருப்பைப் பார்த்தார்கள். ஒரு குடும்பம் எழுந்து தங்கள் வண்டிக்குப் போய்விட்டது. அதையும் நான் பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. மைசூரில் இருந்து வந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் அருகில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பாவுக்கும் இதே டயாலிசிஸாம். வீட்டு வாசலைத் தாண்டி இரண்டு வருடம் ஆகிறதாம்.

"உங்க வண்டிய உள்ள வந்து பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

"காலையில வாங்க. கைகால் கழுவிட்டு வாங்க" என்றேன். வந்தாள். கொக்கியைக் கையால் இழுத்துப் பார்த்தாள். இஞ்சின் மூடியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்து, முழு வேனையும் வீடியோவில் காட்டினாள். அந்தப் பெரியவர் அடுத்த முனையில் இருந்து கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். என் கணவர் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். அப்படி ஒரு நல்ல களைப்பை அவர் முகத்தில் பார்த்து நாளாகியிருந்தது.

கிளம்பும்போது ஏற்பாட்டாளர் வந்தார். கொஞ்சம் இறங்கித்தான் பேசினார்.

"அடுத்த வருஷம் வர்றதுன்னா டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க மேடம். எங்களுக்கும் சேஃப்."

"இங்க வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு சுகர், பி.பி. எல்லார்கிட்டயும் லெட்டர் வாங்கினீங்களா சார்?"

அவர் தாடியைத் தடவினார்.

"எல்லார்கிட்டயும் கேளுங்க, நானும் கொண்டு வர்றேன். இவர்கிட்ட மட்டும் கேட்டா தரமாட்டேன். ஆனா வருவோம்."

தோட்டத்து மண்பாதை நெடுஞ்சாலையில் முட்டும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். இடது பக்கம் பெங்களூரு. வலது பக்கம் மலை இறங்கினால் மங்களூரு.

"பை எத்தன மிச்சம் இருக்குது?" என்று கேட்டார் அவர்.

"ரெண்டு நாளைக்குத் தாராளமா வரும். ஏன்?"

அவர் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "கடலப் பார்த்து எவ்ளோ வருஷம் ஆச்சு டீச்சர்!"

நான் இண்டிகேட்டரைப் போட்டேன். நெடுஞ்சாலையில் வந்த லாரிக்காரர் விளக்கை அடித்து அவசரப்படுத்தினார். கையை வெளியே நீட்டி அவரை நிறுத்தி, மஞ்சள் வேனை வலது பக்கம் திருப்பினேன்.

மாலையில் மங்களூருக்கு வெளியே ஒரு கடற்கரையில் தென்னைகளுக்கு அடியில் நிறுத்தினோம். முதலில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு பையை மாற்றினார். பிறகு பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினார். குழாய் நனையக் கூடாது, அதனால் குளிக்க முடியாது. கணுக்கால் அளவு நீரில் நின்றார். அலை வந்து போகும்போது காலடி மணல் சரிந்து கொஞ்சம் தடுமாறினார். நான் கை கொடுக்கப் போனேன்.

"விடு, நிக்கிறேன்" என்றார்.

விட்டுவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றேன். நின்றார்.