கழுத்தில் கட்டிய மஞ்சள் துணி

என் மகளுடைய நோயின் முதல் அறிகுறியை நான் மேடையில் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கை தட்டினேன்.

எழுபதுகளின் தொடக்கம். அடையாற்றில் ஒரு பள்ளிக் கட்டடத்தில் மே மாதம் முழுக்கச் சிறுமிகளுக்கான கோடை முகாம். அங்கேயே தங்க வேண்டும். ஞாயிறுதோறும் பெற்றோர் போய்ப் பார்க்கலாம். ஒன்பது வயது செல்வியை மந்தைவெளியிலிருந்து நானேதான் கொண்டுபோய் விட்டேன். கடைசி ஞாயிறுக்கு முன்னால் ஒரு கார்டு வந்தது. ஒத்திகை நடப்பதால் இந்த வாரம் யாரும் வர வேண்டாம் என்றார்கள். நானும் நம்பி வீட்டில் உட்கார்ந்து வடகம் பிழிந்தேன்.

நிறைவு விழாவில் குழுப்பாட்டு. பதினைந்து சிறுமிகள், எல்லார் கழுத்திலும் காது வரை ஏற்றிக் கட்டிய மஞ்சள் துணி. அழகாகத்தான் இருந்தது. செல்வி மட்டும் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கிப் பாடினாள். மேடைப் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் உள்ளே போய்த் துணியை அவிழ்த்தேன். தாடை இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. உடம்பு கொதித்தது. பொன்னுக்கு வீங்கி (காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கும் தொற்றுநோய்). இன்னும் ஆறு பேருக்கு அதே வீக்கம். அந்த ஏழு பேர் தனியாகத் தெரியக் கூடாது என்றுதான் பதினைந்து பேருக்கும் துணி கட்டியிருக்கிறார்கள்.

முகாமை நடத்திய அம்மாளிடம் கேட்டேன். “எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றதுதானேம்மா. பெரிய மனுஷங்களைக் கூப்பிட்டாச்சு, விழாவை எப்படி நிறுத்துறது? வைத்தியமும் பார்த்தோமே” என்றார். அந்த வைத்தியம் அவருடைய தங்கச் சங்கிலி. வீங்கிய கழுத்தில் பொன் போட்டால் வற்றும் என்பது நம் வழக்கம். ஒரே சங்கிலியை ஏழு கழுத்துக்கும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்.

வாசல் வரை கூட வந்த ஆயா கண்ணம்மா, நொச்சிக்குப்பத்துக்காரி, மெதுவாகச் சொன்னாள்: “ரெண்டாம் நாளே ஒரு பொண்ணுக்கு கன்னம் வீங்கிச்சும்மா. ஊட்டுக்கு அனுப்புங்கன்னேன். உன் வேலையப் பாருன்னுட்டாங்க. ஒரே டம்ளர்லதான் அல்லாம் வாய் வச்சி குடிச்சிகினு இருந்துதுங்க.”

கிருமி புகுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வீக்கம் தெரியும். கணக்குச் சரியாக இருந்தது.

ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது, வீக்கம் வற்றியது. ஒரு மத்தியானம் வலக் காதைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தவளை மூன்று முறை கூப்பிட்டேன். அசையவில்லை. விழித்துத்தான் இருந்தாள்.

மயிலாப்பூரில் காது டாக்டர் இசைக்கவையை (தட்டினால் ரீங்கரிக்கும் உலோகக் கவை) இடக் காதருகே பிடித்தார். செல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நரம்பு போயிடுத்தும்மா. திரும்பி வராது.”

“முன்னாடியே கூட்டிண்டு வந்திருந்தா?” என்று அவர் பேச்சிலேயே கேட்டிருக்கிறேன், என்னையறியாமல்.

“வீங்கினப்புறம் நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ரொம்ப அபூர்வமா இப்படி ஆகும். ஆனா முதல் குழந்தையை அன்னிக்கே ஆத்துக்கு அனுப்பியிருந்தா, உங்க பொண்ணுக்கு வராமலே இருந்திருக்கலாம்.”

முகாமுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். பதிலாக அடுத்த வருஷ முகாமின் அச்சடித்த அழைப்பிதழ் வந்தது. கிழித்துப் போட்டேன்.

ஆனால் கோபப்பட எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் கணவரின் அண்ணன், “பொட்டப்புள்ளம்மா. யார்ட்டயும் சொல்லாதிய. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்லா” என்றார். சரி என்றேன். செல்வியிடமும் வாயைத் திறக்காதே என்றேன்.

ஒரு வருஷம் போயிற்று. ஒரு நாள் அவள் உள்ளங்கையில் பிரம்புத் தடம். டிக்டேஷன் சொல்லும்போது கவனிக்கவில்லையாம்.

“காது கேக்கலன்னு டீச்சர்கிட்ட சொல்றதுக்கு என்னடி?”

“நீதானம்மா சொல்லக் கூடாதுன்னே.”

மறுநாள் காலை வகுப்புக்கே போனேன். டீச்சர் முன்னால், அத்தனை பிள்ளைகளும் கேட்க, என் பெண்ணுக்கு இடக் காது கேட்காது என்று சொன்னேன். செல்வி தலை குனியவில்லை. புத்தகங்களை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனாள்.

இத்தனை வருஷம் கழித்தும் தெருவில் நான் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம் நடக்கிறேன். அவள் இல்லாதபோதும் என் கால்கள் அந்தப் பக்கமே ஒதுங்குகின்றன. கூப்பிட்டால், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தேடித் திரும்ப அவளுக்குக் கொஞ்சம் நேரமாகும். அவசரக்காரியான நான் அதுவரை காத்திருக்கப் பழகிவிட்டேன்.

உங்கள் பிள்ளை இருக்கும் முகாமிலிருந்து வர வேண்டாம் என்று கார்டு வந்தால், அன்றைக்கே போங்கள். உங்கள் பிள்ளைக்கே நோய் வந்திருந்தால் மற்ற வீடுகளுக்குச் சொல்லுங்கள். போன வாரம் ஒரு கடையில் யாரோ செல்வியின் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டார்கள். “எனக்கு அந்தக் காது கேக்காது. இப்படி வந்து சொல்லுங்க” என்றாள் செல்வி, தன் பெயரைச் சொல்வதுபோல. அதை ஒரு வருஷம் மறைக்கச் சொன்ன எனக்குத்தான் உடம்பு கூசியது.