ஒரு ஜிபி மெமரியும் ரஷீதாவின் வலது கையும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, செகந்திராபாத் பார்க் லேனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்து, பையிலிருந்து கைக்குட்டை ஒன்றை எடுத்துப் பிரித்து மேஜை மேல் வைத்தேன். உள்ளே ஒரு பச்சைத் தகடு. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மெமரி. காலையில் நானே கழற்றியது.

கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் எட்டிப் பார்த்தார்.

"பையன் கேம்ஸ் ஆடறாரா மேடம்?" என்றார் தெலுங்கில்.

"இல்லை. நான்தான் ஆடறேன்."

ஐம்பத்து மூன்று வயது, காட்டன் புடவை, மூக்கின் நுனியில் கண்ணாடி... மனிதர் கொஞ்சம் யோசித்தார். "சீட்டாட்டமா? அதுக்கு இதுவே போதுமே மேடம்."

"கார் ரேஸ்."

இதே வகையில் ஒரு ஜிபி வேண்டும், புது வகை இந்த ஸ்லாட்டில் உட்காராது என்றேன். உள்ளே போய் எடுத்து வந்தார். இரண்டு தகடுகளையும் அருகருகே வைத்து, அடியில் இருக்கும் வெட்டு ஒரே இடத்தில் வருகிறதா என்று நான் பார்த்ததும்தான் முகம் மாறியது. "மேடம் இந்த லைன்லயா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இந்த லைனில்தான் இருந்தேன், ஐயா. நீங்கள் நடக்கப் பழகிய காலத்தில்!

போகட்டும். இந்த வயதில் எனக்கென்ன கார் ரேஸ் என்று நீங்களும் கேட்பீர்கள். அதற்கு ரஷீதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரஷீதாவின் பூர்வீகம் வாணியம்பாடி. அப்பா ராணுவத்தில் இருந்ததால் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகிக் குடியிருப்பது எல்லாமே செகந்திராபாத் பக்கம் போலாரத்தில். வீட்டில் உருது, கடைவீதியில் தெலுங்கு, என்னோடு தமிழ். அந்தத் தமிழுக்குள் ஹைதராபாத் தக்கனி எப்போது நுழையும் என்று அவளுக்கே தெரியாது. நாங்கள் இருவரும் ஒரே மத்திய அரசு நிறுவனத்தில், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் நாள் நான் ஏதோ சொல்ல, "கைக்கு?" என்றாள். நான் அப்போதுதான் மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவள். ஏதோ கொடுக்கப் போகிறாள் என்று கையை நீட்டினேன். அவளுடைய 'கைக்கு' என்றால் 'ஏன்' என்று அர்த்தமாம். அன்று சிரித்தவள்தான்... இருபத்தைந்து வருடங்களாக என் சிநேகிதி.

நாங்கள் சேர்ந்த இரண்டாம் வருடம் செக்‌ஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

வந்தது என்றா சொன்னேன்? எழுந்தருளியது! அதற்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு, ஏசி. எங்களுக்கு மின்விசிறி. மே மாதத்தில் இல்லாத சந்தேகங்களைக் கண்டுபிடித்துக்கொண்டு ஆட்கள் அந்த அறைக்கு வருவார்கள். செருப்பை வெளியே விட வேண்டும். சாயங்காலம் மெஷினுக்கு வெல்வெட் உறை போர்த்த வேண்டும். உறையைத் தைத்தது ரஷீதா. ஃப்ளாப்பிகள் அப்பளம் மாதிரி வளையும். வளைத்தால் திட்டு விழும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள். பிரிண்டர் ஓடினால் இரண்டு மாடிக்குக் கேட்கும்.

மெமரி எவ்வளவு தெரியுமா? அறுநூற்று நாற்பது கேபி. இன்று உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதற்குள் நுழையாது. அதை வைத்துக்கொண்டுதான் தொழிற்சாலை முழுவதற்கும் லீவுக் கணக்கு பார்த்தோம். ஒரு எழுத்து மிச்சம் பிடிக்க எவ்வளவு பாடு! நீளமான பெயர்களை எல்லாம் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் நாங்கள் எழுதிய ப்ரோக்ராம் எங்களுக்கே புரியாது.

மிச்சம் பிடித்த இடத்தில் என்ன செய்தோம்? கேம் எழுதினோம்.

லஞ்ச் அரை மணி நேரத்தில், தயிர்சாத டப்பாவை வெளியே வைத்துவிட்டு, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறிகள், அது சாலை. நடுவில் ஆங்கில 'ஏ' எழுத்து, அது கார். எதிரே வருகிற 'எல்' எல்லாம் லாரி. சாலை மேலிருந்து கீழே நகரும், 'ஏ' இடிக்காமல் தப்பிக்க வேண்டும். அவ்வளவுதான் கேம். அதற்கு நாங்கள் அடித்த கூத்து!

ஒரு நாள் முக்கியமான கட்டத்தில் பின்னால் நிழல் தட்டியது. எங்கள் அதிகாரி சுப்பாராவ் சார். கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் திரையையே பார்த்தார். பிறகு, "வளைவுல ஸ்பீட் குறையலையேம்மா? லாஜிக் தப்பு" என்றார். மறுநாள் எங்களுக்கு முன்னாலேயே அவர் சாப்பிட்டு முடித்திருந்தார்.

அந்த விளையாட்டில் நான் ரஷீதாவை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. செக்‌ஷனில் டைப்பிங்கில் அவள் வேகத்துக்கு ஆளே கிடையாது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, விரல்கள் மட்டும் தனியாக ஓடும்.

அந்த விரல்கள் போன வருடம் நின்றுவிட்டன.

பக்கவாதம். பேச்சு, நினைவு எல்லாம் பத்திரம். கால்கூட மூன்று மாதத்தில் தேறிவிட்டது. வலது கை மட்டும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பயிற்சி கொடுத்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் அமுக்கச் சொல்லியிருந்தார். நான் பார்க்கப் போன அன்று அது கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"அமுக்கி அமுக்கி அந்தப் பந்து மேலேயே எனக்குப் பாவமா இருக்குடி" என்றாள்.

எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது. என் மகள் சிந்து கல்லூரி நாட்களில் வாங்கிய கார் ரேஸ் சிடி. கூடவே மேஜையில் மாட்டிக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால்தான் வண்டி திரும்பும்.

"சனிக்கிழமை சனிக்கிழமை சைனிக்புரிக்கு, எங்க வீட்டுக்கு வா. கார் ஓட்டலாம்."

"கைக்கு?"

"ஆமாம், கைக்குத்தான்."

சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ மாதங்களாகியிருந்தன. பயிற்சிப் பெண்ணும், தாராளமாக ஆடட்டும், களைத்தால் நிறுத்தினால் போதும் என்றார்.

வந்தாள். மாற்றி மாற்றி ஓட்டினோம். யார் சீக்கிரம் ஒரு சுற்று முடிக்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் வந்தது வினை. பாதையில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு வளைவு. எதிரே நாலு கார்கள் சேர்ந்து வந்தால் போதும், எங்கள் கம்ப்யூட்டர் திணறும். படம் அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி அசையும்போது ரஷீதாவின் கார் ஆற்றுக்குள் இருக்கும்.

ஒவ்வொரு தடவையும்.

எனக்கு அப்படி விழவில்லை. வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உறைந்து எழுகிற வரைக்கும் காத்திருக்க நான் பழகிவிட்டேன். அவளுடைய கைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே இரண்டு சுற்று தோற்றேன். அவளா கண்டுபிடிக்க மாட்டாள்? ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"விட்டுக் கொடுக்கறியா வசந்தி?"

"சேச்சே... உனக்கு மெஷின்தான் ஸ்லோ. மெமரி பத்தலை."

"இத்தனை நேரம் தோக்கற மாதிரி நடிச்சவ சொல்றதை நான் நம்பணுமா? கை சரியில்லை. அவ்வளவுதான். மெஷினை ஏன் திட்டறே?"

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்தால், "நக்கோடி, வேணாம் விடு" என்றாள்.

அன்பாகச் சொல்கிற பொய்யில் இப்படி ஒரு ஆபத்து உண்டு. அதற்கப்புறம் நாம் சொல்கிற நிஜமும் செல்லாது. இனி என் வாயால் சொல்லி அவள் நம்பப்போவதில்லை. அந்தக் கம்ப்யூட்டரே அவளிடம் ஒப்புக்கொண்டால்தான் உண்டு.

சிந்துவைக் கேட்டேன். அவளுக்குக் கொண்டாப்பூரில் ஃப்ளாட், பக்கத்திலேயே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. நான் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு வழக்கம் அது.

"அம்மா, கொத்த சிஸ்டம் கொனு. ஆ பாத டப்பாகி ராம் வேஸ்தே லாபம் லேது."

புதுசு வாங்கணுமாம். அந்தப் பழைய டப்பாவுக்கு மெமரி போட்டுப் பிரயோசனமில்லையாம். இந்த ஊரில் இப்போது எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். பழையதா, இடி. புதுசு கட்டு. ஊரைச் சுற்றி நின்ற பாறைகளையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், என் டப்பா எம்மாத்திரம்!

மறுநாள்தான் பார்க் லேன்.

சனிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து நேரே போலாரம் போனேன். "ஆட வேண்டாம். மெஷினைத் திறக்கப் போறேன். டார்ச் பிடிக்க ஆள் வேணும். வா" என்றேன். திறக்கப் போகிறேன் என்றதும் கண்ணில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. துப்பட்டாவை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி மெத்தை. "இதுக்கு வெல்வெட் உறை போட்டிருக்கணும்" என்றாள். பழைய ஆபீஸ் பழக்கத்தில் இருவரும் ஜன்னல் கம்பியைத் தொட்டோம், உடம்பில் இருக்கும் மின்சாரம் மெஷினுக்குப் போய்விடக் கூடாதென்று. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கை தானாகப் போனது. பழைய தகட்டை அதன் இடத்தில் வைத்து, புதியதைப் பக்கத்து ஸ்லாட்டில் செருகி, சுவிட்சைப் போட்டேன்.

பீப்... பீப்... பீப்...

திரை கறுப்பு. உள்ளதும் போச்சா?

"முழுசா உக்காரலை. அணை" என்றாள் ரஷீதா. அந்தக் குரலைக் கேட்டு வருடங்களாகியிருந்தன. அது ஆபீஸ் ரஷீதாவின் குரல்.

தகட்டின் இரண்டு முனையையும் ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும். டார்ச்சை நான் வாயில் கவ்வி, ஒரு கையால் கேபினெட் சாயாமல் பிடித்துக்கொண்டேன். ஒரு முனையில் என் கட்டைவிரல், மறு முனையில் அவளுடையது. இடது கையை நீட்டிப் பார்த்தாள், கேபினெட்டுக்குள் அந்தப் பக்கம் எட்டவில்லை. வலது கையைக் கொடுத்தாள். "அழுத்து" என்றேன், டார்ச்சோடு. என்ன கேட்டிருக்குமோ! அழுத்தினாள். டக். என் பக்கம். கொஞ்சம் பொறுத்து, அவள் பக்கமும் டக்.

சுவிட்சைப் போட்டதும் ஒற்றை பீப். எண்ணிக்கை திரையில் ஏறியது. இரண்டு மெமரியையும் அது கண்டுகொண்டது.

"இப்ப நீ ஓட்டு. நான் அந்த வளைவைப் பார்க்கிறேன்" என்றேன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் உட்கார்ந்துவிட்டாள். கார் கிளம்பியது. பால் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது படம். ஆற்றங்கரை வந்தது. நாலு கார்களும் வந்தன. உறையவில்லை! நான் கைதட்டப் போகும்போது... படார். கார் சுவரில் மோதி நின்றது.

இரண்டாவது தடவையும் அதே சுவர்.

இதை நிரூபிக்கவா இவ்வளவு பாடுபட்டேன்? அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ரஷீதா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஹவ், ஆமா" என்று தலையாட்டினாள். "ஆத்துல விழுந்தது மெஷின். சுவத்துல இடிச்சது நான்."

"ரஷீதா..."

"இருடி. இத்தனை நாள் எது என் தப்பு, எது அதோட தப்புன்னே தெரியலை. எல்லாமே என் கைதான்னு நெனச்சுட்டேன். சுவர் மட்டும்தான் என்னோடதுன்னா... பார்த்துக்கலாம்." ஸ்டியரிங்கை மறுபடி பிடித்தாள். "நீ மட்டும் விட்டுக் கொடுத்தேன்னா, இனிமே உன் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன்."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஐந்து சனிக்கிழமைகள். நான் விட்டுக் கொடுக்கவே இல்லை. இரக்கமில்லாமல் ஜெயித்தேன். அவள் சுவரில் இடித்தாள், உரசினாள், சமயத்தில் தப்பித்தாள். களைத்தால் நிறுத்திவிட்டு டீ குடிப்போம். டீக்கு நடுவில் என்னைத் திட்டுவாள். ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டதாக அவளே சொன்னாள்.

முந்தாநாள் ஐந்தாவது சனிக்கிழமை. முதலில் நான் ஓட்டினேன். நல்ல சுற்றுதான். அடுத்து அவள். ஆற்றங்கரை வளைவில் சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையாது, அப்படிப் போனாள். சுற்று முடிந்து நேரம் திரையில் வந்தது. இரண்டு விநாடி. என்னை விட இரண்டு விநாடி முன்னால்!

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ஆனாலும் தோற்றவளுக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே? "இன்னொரு ரவுண்ட் வா, பார்த்துடலாம்" என்றேன்.

ரஷீதா எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"நக்கோ. ஜெயிச்ச கையோட வீட்டுக்குப் போறேன்."